சயாம் ரயில் பாதையில் மாண்ட நம் மக்கள்

(காணைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கங்காணியின் பேச்சை நம்பி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன ஏழைக் குடும்பங்கள் நம் தென்னார்க்காட்டில் எத்தனையோ உண்டு. அவர்களில் திரும்பி வராதவர்களைப் பற்றிப் பேசவே இங்கு கூடியிருக்கிறோம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. தோட்டத் துரைமார்களில் பலர் ஓடிவிட்டனர், தொழிலாளியைக் கைவிட்டனர். அதே ஆண்டில் ஜப்பானிய ராணுவம், பர்மாவிலிருந்த தன் படைக்குத் தளவாடம் அனுப்ப, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கியது. 1943 அக்டோபரில் அதை முடித்தது.

இந்த வேலையில் 60,000-க்கு மேற்பட்ட வெள்ளைக்கார யுத்தக் கைதிகள் வதைபட்டனர். 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜப்பானியச் சிப்பாய் பிறவியிலேயே கொடியவனா? இல்லை. 1904-05 யுத்தத்தில் ருஷ்யக் கைதிகளை அதே ஜப்பான் கௌரவமாக நடத்தியது. பின்னர் ராணுவ வெறியர் கை ஓங்கியது. பாசறையில் குடியானவன் மகனைக் கன்னத்தில் அறைந்தே பழக்கினார்கள். கைதியாவதைவிடச் சாவதே மேல் என்று 1941-ல் ராணுவ விதி எழுதினார்கள். கைதிகளைக் காக்கும் 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டும் அதை ஊர்ஜிதம் செய்யவில்லை.

அதிகாரி சிப்பாயை அறைந்தான். சிப்பாய் கொரியக் காவலாளியை அறைந்தான். அவன் கைதியை அடித்தான். பண்ணையார் காரியஸ்தனை ஏச, காரியஸ்தன் பண்ணையாளை அடித்த கதை நமக்குத் தெரியாததா?

கைதிக்கும் கீழே கிடந்தவன் கூலி. மூன்று மாத வேலை என்று ஏய்த்தார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டு, வந்தவர்களை வளைத்துப் பிடித்தார்கள். கைதிகளுக்குள்ளே டாக்டர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. தமிழ்க் கூலிக்கு இரண்டும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கும்பல் கும்பலாகச் செத்தார்கள். பர்மியர், ஜாவானியர், தமிழர், மலாய்க்காரர் என ஆசியக் கூலிகள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். மாண்டவர்கள் 90,000 வரை என்று மதிக்கிறார்கள். மதிப்புத்தான், எண்ணி வைத்தவர் எவருமில்லை!

ஜப்பானிய மக்கள் மீது நமக்குப் பகையில்லை. யுத்தத்தை எதிர்த்த டோகுடா கியூயிச்சி போன்ற கம்யூனிஸ்டுகள் 1945 வரை சிறையில் கிடந்தார்கள். எழுத்தாளர் கோபயாஷி டகிஜியை 1933-ல் போலீஸ் அடித்தே கொன்றது.

யுத்தப் பிரதமர் டோஜோவை 1948-ல் தூக்கிலிட்டார்கள். 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கைப்படி நேசநாட்டுக் கைதிகளுக்கு ஏதோ கொஞ்சம் நஷ்டஈடு கிடைத்தது. 1952-ல் இந்திய சர்க்கார் ஜப்பானிடம் நஷ்டஈடே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தது. கூலியின் விதவையை யார் கேட்டார்கள்?

காஞ்சனபுரியில் வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகளில் பெயர் பொறித்துப் பேணி வருகிறார்கள். நியாயமே. நம் மக்களின் பெயர் எங்கே? தோழர்களே, வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மலாய்க்குப் போய்த் திரும்பாதவர் பெயரை, ஊரை, எழுதி வையுங்கள். உழைப்பாளியின் சாவு கணக்கில் ஏறாமல் போகும் காலத்துக்கு நாம்தான் முடிவு கட்ட வேண்டும்!