ஓயாத சக்கரமும் ஓய்வு நாளும்



'ஆக்ஸிலரேஷனிசம்' என்ற சொல்லைத் தமிழில் முடுக்கவாதம் எனலாம். அது பிறந்த இடமே வேடிக்கையானது. அமெரிக்க எழுத்தாளர் ரோஜர் ஸெலாஸ்னி 1967இல் எழுதிய 'லார்ட் ஆஃப் லைட்' என்ற அறிவியல் நாவலில் அது வருகிறது. வேற்றுக் கோளில் குடியேறிய ஒரு கூட்டம் இயந்திரங்களைத் தன் கைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, பிரம்மா, யமன் என்று இந்துக் கடவுளரின் பெயர்களைச் சூடி மற்றவர்களை ஆள்கிறது. தொழில்நுட்பம் எல்லாருக்கும் போய்ச் சேரட்டும் என்று எதிர்ப்பவர்களே முடுக்கவாதிகள். அந்த எதிர்ப்பாளன் கையில் எடுக்கும் ஆயுதமோ புத்த சமயம்! ஆக, இந்தச் சொல் சமயத்தோடு ஒட்டியே பிறந்தது.

2010இல் பெஞ்சமின் நாய்ஸ் என்ற ஆங்கிலேயத் திறனாய்வாளர், தாம் ஏற்காத ஒரு சிந்தனைப் போக்குக்கு இப்பெயரைச் சூட்டினார். 1990களில் வார்விக் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த நிக் லாண்ட் அப்போக்கின் முக்கியப் புள்ளி. மூலதனமும் இயந்திரமும் போகிற வேகத்தைத் தடுக்காதே, மேலும் முடுக்கிவிடு என்பது சுருக்கம். மனிதன் அதற்கு ஈடுகொடுப்பானா என்ற கேள்வி அங்கே பெரிதாக எழுவதில்லை. 2013இல் இடதுசாரிகள் இருவர் வேறொரு முடுக்கவாத அறிக்கை வெளியிட்டார்கள். அது நிற்க.

இந்த வேகத்தை ஒரு நாடு முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறது. 1929இல் சோவியத் ரஷ்யா ஏழு நாள் வாரத்தை ஒதுக்கி ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு. ஒவ்வொரு குழுவுக்கும் ஓய்வு வெவ்வேறு நாளில். ஆகவே எந்த நாளிலும் ஐந்தில் நான்கு பங்கினர் வேலையில் இருப்பர், இயந்திரம் நிற்காது. இன்னொரு இலாபமும் கணக்கில் இருந்தது: ஞாயிறு என்ற நாளே இல்லாவிட்டால் தேவாலயத்துக்குப் போவது எப்படி? ரஷ்ய மொழியில் ஞாயிற்றுக்கிழமையின் பெயரே 'உயிர்த்தெழுதல்' என்பதாகும்.

கணக்குப்படி ஓய்வு கூடியது. ஏழு நாளுக்கு ஒன்று என்பது ஐந்து நாளுக்கு ஒன்றாயிற்று. ஆனால் கணவனுக்கு மஞ்சள், மனைவிக்குப் பச்சை என்றால் வீட்டில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? பிள்ளை பள்ளியில், மனைவி ஆலையில். இது என்ன விடுமுறை என்று தொழிலாளர்கள் முணுமுணுத்தார்கள். இயந்திரங்களும் பழுதாயின. பலர் கைமாறி ஓட்டிய இயந்திரத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. 1931இல் எல்லாருக்கும் பொதுவான ஓய்வு நாளுடன் ஆறு நாள் வாரம் வந்தது. கிராமங்களோ பழைய ஞாயிற்றை விடவே இல்லை. 1937 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 16 வயதுக்கு மேற்பட்டோரில் பாதிக்கும் அதிகமானோர் கடவுள் நம்பிக்கை உண்டு என்றே பதிலளித்தனர். அந்தக் கணக்கை அரசு அமுக்கிவிட்டது.

இதை வைத்துச் சமயம் எப்போதும் வேகத்துக்குத் தடை என்று சொல்லிவிடவும் முடியாது. சீர்திருத்தக் கிறிஸ்துவத்தின் உழைப்பு ஒழுக்கம் முதலாளித்துவத்துக்கு ஊட்டம் தந்தது என்று மாக்ஸ் வெபர் வாதிட்டது பலர் அறிந்ததே. நேரம் பிசகாமல் மணியடித்து வேலை பார்க்கும் பழக்கத்தை ஐரோப்பாவுக்குக் கற்றுக்கொடுத்ததில் துறவி மடங்களுக்குப் பங்குண்டு. சமயம் காத்துவந்தது மெதுவாகப் போவதை அல்ல. எல்லாரும் ஒரே நாளில் கையை விடுவதை. யூதரின் சப்பாத் கட்டளை எசமானனோடு வேலைக்காரனையும் மாட்டையும் சேர்த்தே ஓயச் சொல்கிறது. தனித்தனியே கொடுத்த ஓய்வு ஐந்து நாளுக்கு ஒன்றாக இருந்தும் ரஷ்யத் தொழிலாளிக்கு ஏன் இனிக்கவில்லை என்பது இங்கே விளங்கும்.

1940 ஜூனில் ஸ்டாலின் அரசு ஏழு நாள் வாரத்தையும் ஞாயிறு ஓய்வையும் திருப்பித் தந்தது. பக்தியால் அன்று. ஆறு நாளுக்கு ஒன்றாக இருந்த ஓய்வு ஏழு நாளுக்கு ஒன்றாகக் குறைந்தது; அதே ஆணை வேலை நேரத்தையும் எட்டு மணியாகக் கூட்டி, அனுமதியின்றி வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கியது.