நிணநீர் வடிக்கும் மென்கை

உடம்பு பிடிப்பதென்றால் எண்ணெய் வழிய, எலும்பு நெரிய அழுத்துவதென்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற நம் தமக்கையாருக்குக் கை வீங்கியபோதுதான், வேறொரு முறையும் உண்டெனக் கண்டோம்.

அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றியபின் கையில் நீர் தேங்கக்கூடும். நிணநீரை உந்துவதற்கு இதயம் போன்ற தனியுறுப்பும் இல்லை. மெல்லிய நாளங்கள் தோலையொட்டியே ஓடுவதால், டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர்தம் மனைவியாரும் 1930-களில் வகுத்த இம்முறையில், தோலை மெல்ல நகர்த்துவதே போதும். முதலில் கழுத்து, பின்னரே கை. “இது பிடிப்பதா, தடவுவதா?” என்று தமக்கையார் சலித்துக்கொண்டார்! முடிந்ததும் இறுக்கமாகத் துணிக்கட்டுப் போட்டார்கள். அஃதின்றேல் வீக்கம் மீளும்.

கை சிவந்து காய்ச்சல் கண்டால் பிடித்தலை நிறுத்தி மருத்துவரிடம் செல்லவேண்டும். இரத்த உறைவோ இதயத் தளர்ச்சியோ உடையவர்கள், அயல்மொழியில் நா தடுமாறினும், அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும்.