பேர் சொல்லிக் கூப்பிடுவோம்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நலன்புரிப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் தண்ணீர்க் குழாயைப் பற்றியோ லயத்துக் கூரையைப் பற்றியோ பேச வரவில்லை. ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "தோட்டக்காட்டான்" என்ற சொல்.

நம்ம பிள்ளைகள் சிலர் இப்போது மட்டக்களப்புப் பக்கம் போகிறார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள், கடைகளில் வேலை செய்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு கிழக்கிலே குடியேறிய நம்ம சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அங்கே "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், சில பிள்ளைகள் தோட்டத்தின் பேரைச் சொல்வதில்லை. "பதுளை", "ஹட்டன்" என்று டவுன் பேரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த பேச்சில் அந்தச் சொல் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

ஆனால் அந்த ஊருக்குள்ளேயே இதே கதை இருக்கிறது. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கத்துக் கரை எழுவான்கரை, சூரியன் எழுகிற பக்கம். உள்பக்கம் படுவான்கரை, சூரியன் படுகிற பக்கம். டவுன், கந்தோர், பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் எழுவான்கரையில். வயலும் மாடும் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் படகுப் பாதையில்தான் வாவியைக் கடந்தார்கள். "அவன் படுவான்கரையான்" என்று டவுனில் சிலர் இளக்காரமாகச் சொல்வதுண்டு. நெல்லு அந்தக் கரையிலிருந்து வருது, ஏளனம் இந்தக் கரையிலிருந்து போகுது!

வெள்ளைக்காரன் பாஷையிலும் இதேதான். படத்தில் வருகிற "வில்லன்" என்ற சொல்லுக்கு முதலில் பண்ணையில் வேலை செய்கிறவன் என்றுதான் அர்த்தம். "பூர்" என்றால் இன்று நாகரிகம் தெரியாதவன். அதுவும் விவசாயியைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததே. அமெரிக்காவில் நாட்டுப்புறத்தானை "ரெட்நெக்" என்பார்கள். வெயிலில் குனிந்து வேலை செய்து கழுத்துச் சிவந்தவன் என்று கேலி. 1921இல் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காகத் திரண்டபோது, சிவப்புக் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்களையும் அதே பேரால்தான் அழைத்தார்கள்.

"கூலி" என்ற சொல்லைப் பாருங்கள். உழைப்புக்குக் கிடைக்கிற பலன் என்று திருக்குறளிலேயே வருகிற நல்ல சொல் இது. ஆங்கிலத்தில் ஆளுக்கே அதைப் பேராக வைத்தார்கள். குஜராத்தின் கோலி மக்களின் பேரிலிருந்து வந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். எப்படி வந்தாலும் இழிவு ஒன்றுதான். பாரிஸ்டர் படித்துவிட்டுத் தென்னாபிரிக்கா போன காந்தியையும் "கூலி பாரிஸ்டர்" என்றார்கள். படிப்பு இருந்தும் அந்தச் சொல் விடவில்லை.

நம்மைக் "கள்ளத்தோணி" என்றும் சொன்னார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்ம ஆட்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வந்தது. உண்மையில் கோப்பித் தோட்டத்துக்கு நம்ம பாட்டன் பூட்டனைக் கூட்டிவந்தது தோட்டத் துரைமாருக்காகத்தான். அதன் 200ஆவது வருஷ நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஊர்வலமாக நடந்தார்கள். அந்தப் பாதையில் செத்தவர்கள் எத்தனை பேர்! கள்ளத்தனமாக வந்தவனுக்கு எதற்குக் கங்காணியும் துண்டும்?

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நம்ம வீட்டுக்குள் பார்ப்போம். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆட்களை "நாட்டான்" என்று நாமும் ஏளனமாகச் சொல்வதில்லையா? கீழ் டிவிசன் ஆட்களை மேல் டிவிசன் ஆட்கள் கேலி செய்வதில்லையா? பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

இரண்டாவது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை யாராவது இப்படிச் சொன்னால் "விடு, சும்மா" என்று சொல்லாதீங்க. சண்டைக்கும் போகாதீங்க. தாயும் தகப்பனும் சேர்ந்து போய் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்க. ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை. இந்தச் சொல்லுக்காகப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டால், அந்த நட்டத்தை எந்தச் சம்பளத்தாலும் ஈடு செய்ய முடியாது.

மூன்றாவது, தோட்டத்தின் பேரைச் சொல்லப் பழக்குங்க. "நான் இன்ன தோட்டம், இன்ன டிவிசன். எங்கம்மா கொழுந்து எடுக்கிறாங்க" என்று நிமிர்ந்து சொல்லட்டும். கேட்கிறவர் கையில் இருக்கிற தேத்தண்ணியும் அங்கேயிருந்து வந்ததுதானே.