ஜவ்வு விலகிருச்சா?

சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆபீஸிலும் தரையில் குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குக் குறுக்கு வலி புதுச் செய்தி இல்லை. வலியோடு போனால் ஒருவர் தடவிப் பார்த்து, ‘ஜவ்வு விலகிருச்சு’ என்கிறார். இன்னொருவர், ‘இடுப்பெலும்பு ஏறியிறங்கி இருக்கு’ என்கிறார். யாரை நம்புவது?

இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1985இல் அமெரிக்காவில் பாட்டர், ரோத்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும், முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுக்கான 13 சோதனைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே நோயாளியை இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் தனித்தனியே பார்த்தார்கள். 11 சோதனைகளில் இருவர் முடிவும் நூற்றுக்கு 70 என்ற அளவுக்குக்கூட ஒத்துப்போகவில்லை. ‘உண்டு, இல்லை’ என்று குருட்டாம்போக்கில் சொன்னாலே ஏறக்குறைய பாதி ஒத்துப்போகுமே!

தேறிய இரண்டும் எலும்பைத் தடவி இடம் பார்க்கிறவை அல்ல. மூட்டுக்கு அழுத்தம் கொடுத்து, ‘வலிக்குதா?’ என்று கேட்கிறவை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அந்த மூட்டு அசைவதே சில டிகிரிதான். மேலே தசையும் கொழுப்பும் வேறு. விரலுக்கு எட்டாதது வலிப்பவருக்குத் தெரிகிறது. அப்படியும் ஒரே சோதனை போதாது. மூன்றிலாவது அதே பழைய வலி கிளம்பினால்தான் அந்த மூட்டைச் சந்தேகிக்கலாம் என்று 2005இல் லாஸ்லெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள்.

சரி, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கியிருக்கிறதா என்று அறிய, மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நீட்டித் தூக்கிப் பார்ப்பார்கள் அல்லவா? 1881லேயே எழுதிவைக்கப்பட்ட சோதனை அது. ஆபரேஷனுக்கு வந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளை 2010இல் தொகுத்துப் பார்த்தபோது, ஜவ்வு பிதுங்கிய நூறு பேரில் 92 பேரை அது பிடித்துவிட்டது. ஆனால் பிதுங்காத நூறு பேரில் 28 பேரைத்தான் ‘இல்லை’ என்று சரியாக விட்டது. ஆக, தூக்கும்போது காலில் வலி இழுக்காவிட்டால் ஓரளவு நிம்மதி. இழுத்தால், அதை மட்டும் வைத்து ஜவ்வு என்று முடிவுகட்ட முடியாது. நல்ல காலைத் தூக்கும்போது வலிக்கிற காலில் இழுத்தால் சந்தேகம் பலமாகிறது.

அதனால், ஒருவர் கைவைத்துச் சொன்ன ஒற்றை வார்த்தைக்குப் பயந்து படுத்துவிடாதீர்கள். ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, மறைவிடம் மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ தாமதம் வேண்டாம். அன்றைக்கே விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.