பிள்ளையின் கால் துவண்டால்...
(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். அப்பிள்ளைகளுள் ஒன்றுக்குக் கையோ காலோ திடீரெனத் துவண்டு போனால் நாம் செய்ய வேண்டியது யாது?

சில ஆண்டுகளுக்கு முன், ஓடியாடித் திரிந்த தம் பிள்ளையால் எழுந்து நிற்க முடியவில்லை என்று ஒரு தாய் நம்மிடம் தூக்கி வந்தார். கண்ணேறு என்றனர் வீட்டார். நாமும் ஓதி ஊதி, தண்ணீர் கொடுத்து அனுப்பினோம். மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறவில்லை. மூன்று வாரங்கள் கழிந்தன. அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை பின்னர் நடந்தது. ஆயினும், "முதல் வாரமே ஏன் வரவில்லை?" என்று மருத்துவர் கேட்ட கேள்வி நம்மை இன்றும் உறுத்துகிறது.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கு இத்தளர்ச்சி ஏற்பட்டாலும் அதைப் பதிவு செய்து ஆராயும் ஏற்பாடு 1997 முதல் நம் நாட்டில் நடைபெறுகிறது. 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளி விட்டு இருமுறை மலம் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புகின்றனர். நாள் கடந்தால் வைரஸ் அகப்படுவது அரிது. இப்பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு வந்திருப்பது போலியோ அன்று. வேறு தொற்றுக்குப் பின் நரம்பு தளர்வதாலும் இவ்வாறு நேரும். ஆனால் சோதித்தாலன்றி அது தெரியாது. போலியோ தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கால் துவளும்; ஏனையோர் தாமறியாமலே பரப்புவர். ஆகவே துவண்ட ஒரு கால், ஊருக்கே விடுக்கப்படும் எச்சரிக்கையாகும்.

சொட்டு மருந்தாலும் இத்தேடலாலுமே, 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்ட பிள்ளைக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் எவரும் முடமாகவில்லை. 2014 மார்ச் 27 அன்று அதற்கான சான்றும் கிடைத்தது. ஆனால் போரினால் தடுப்பு மருந்து தடைப்பட்ட காஸாவில், 2024இல் முதலில் கழிவுநீரில் வைரஸ் தென்பட்டது. பின்னர் 10 மாதக் குழந்தையின் கால் துவண்டது. அங்கே 25 ஆண்டுகளுக்குப் பின் வந்த போலியோ அது. நம் கணவாய் வழியே காஷ்மீர் முதல் குமரி வரையிலான நெடுஞ்சாலை செல்கிறது. தொலைவில் உள்ள நோய் தொலைவிலேயே இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்ற செய்தி கேட்டதும், ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை செய்து, படையுடன் வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று ஹழ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். செய்தி வந்ததால்தானே அந்த முடிவு பிறந்தது? செய்தியை மறைத்தால் ஊரைக் காப்பது எப்படி?

எனவே பெற்றோர்களே! நம்மிடம் தூக்கி வாருங்கள், ஓதுவோம். ஓதிய கையோடு அரசு மருத்துவமனைக்கு உடன் வருவோம். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சொட்டு மருந்து நாளில் ஒரு பிள்ளையும் விடுபட வேண்டாம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தையும், நமக்கு அமானிதம் பேணும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.