வானத்து வலைகளும் வாவிக்கரை மக்களும்



மட்டக்களப்பு வாவியில் வலை வீசுவோர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. அறுந்து கைவிடப்பட்ட வலை, உடையவன் கரையேறிய பின்னரும் தன் தொழிலை நிறுத்துவதில்லை. நீருள் கிடந்தபடியே மீனைக் கொன்றுகொண்டிருக்கும். பூமியைச் சூழ்ந்த வானிலும் இத்தகைய வலைகள் இன்று பெருகி வருகின்றன.

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சோவியத் நாட்டார் முதலாவது செயற்கைக்கோளை ஏவினர். அன்று வானில் இருந்தது ஒன்றே. இன்றோ அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஸ்டார்லிங்க் தொகுதியில் மாத்திரம் 8,000க்கு மேற்பட்ட கோள்கள் சுற்றுகின்றன. 2025ஆம் ஆண்டு யூலை முதல் இலங்கையிலும் அச்சேவை உண்டு. கம்பி எட்டாத படுவான்கரைக் கிராமத்துப் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் இத்தகைய சேவை பயன்படக் கூடும். இது நன்மையே.

ஆயின், மருத்துவருக்கும் மாணவருக்கும் உதவும் அதே கோள் படைவீரனுக்கும் உதவுகின்றது. உக்கிரேன் போரில் 2022 முதல் அந்நாட்டுப் படையினர் ஸ்டார்லிங்கைப் பயன்படுத்தினர். அவ்வாண்டு ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் பேசிய ரஷ்யப் பிரதிநிதி, போருக்கு உதவும் தனியார் கோள்களும் பதிலடிக்கு இலக்காகலாம் என எச்சரித்தார். இங்கேதான் ஆபத்துப் பிறக்கின்றது.

தாக்கப்பட்ட கோள் மறைந்துவிடுவதில்லை, ஆயிரம் துண்டுகளாகின்றது. அத்துண்டுகள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவன. 56 கிலோமீற்றர் நீண்ட நமது வாவியை எட்டு விநாடிக்குள் கடக்கும் வேகம் அது! சிறு ஆணியளவான துண்டும் மற்றொரு கோளை ஊனமாக்க வல்லது.

2007இல் சீனா தனது பழைய கோள் ஒன்றை 860 கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் தகர்த்தது. கண்காணிக்கத்தக்க 3,000க்கு மேற்பட்ட துண்டுகள் சிதறின. அவற்றுட் பல இன்னும் சுற்றுகின்றன. 2019 மார்ச் 27இல் இந்தியா நடத்திய சோதனை, மட்டக்களப்புக் கரை நோக்கி நிற்கும் அதே வங்கக் கடலின் மேல், ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்தில் நிகழ்ந்தது. தாழ்ந்த உயரமாதலால் பெரும்பாலான துண்டுகள் விரைவில் வளியில் எரிந்தன. சில மேலெறியப்பட்டு நீண்ட காலம் நின்றன. 2021 நவம்பரில் ரஷ்யா நடத்திய சோதனை 1,500க்கு மேற்பட்ட துண்டுகளை உண்டாக்கிற்று. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தோர் தம் மீட்சிக்கலங்களுள் ஒதுங்க நேர்ந்தது.

ஒரு மோதலின் துண்டுகள் மறு மோதலை உண்டாக்கும். அதன் துண்டுகள் மேலும் மோதும். இத்தொடரை அமெரிக்க விஞ்ஞானி டொனால்ட் கெஸ்லர் 1978இல் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைப் புயல் சூறையாடியதை முதியோர் மறவார். இன்று புயலைப் பல நாட்களுக்கு முன்னரே காட்டித் தருவன செயற்கைக்கோள்கள். 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பன இக்குப்பைக்குத் தப்பலாம். ஆனால், துருவங்களின் வழியே ஏறக்குறைய 800 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் வானிலைக் கோள்கள் குப்பை மலிந்த பகுதியிலேயே செல்கின்றன. அவை பழுதானால் எச்சரிக்கையின் திருத்தம் குன்றும். அதன் விலையைக் கொடுப்பவர் யார்? போர் தொடுத்தவர் மட்டுமல்லர். வாழைச்சேனைத் துறையிலிருந்து ஆழ்கடல் செல்லும் மீனவருமாவர்.

1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை அணு ஆயுதங்களைச் சுற்றுவழியில் நிறுத்துவதைத் தடுக்கின்றது. கோள்களைத் தகர்க்கும் சாதாரண ஆயுதங்களை அது தடுக்கவில்லை. அத்தகைய சோதனைகளைக் கைவிடுமாறு 2022 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோளேயன்றிக் கட்டளையன்று. விண்வெளியில் ஆயுதப் போட்டியைத் தடுக்கும் தீர்மானத்தை இலங்கையும் எகிப்தும் பல்லாண்டுகளாக அச்சபையில் முன்வைத்து வந்துள்ளன. ஏவுகணை இல்லாத நாட்டுக்கும் உரிமைக்குரல் உண்டு என்பதற்கு இது சான்று.

வாவியில் எவ்வலையை எங்கே வீசலாம், எதனை வீசலாகாது என வரையறுப்பது எல்லோர் பிழைப்பையும் காத்தற்பொருட்டேயாம். வானமும் பொதுச் சொத்து. அதற்கும் அத்தகைய வரையறை வேண்டும். அதனைக் கேட்கும் உரிமை எழுவான்கரை மீனவனுக்கும் உண்டு.