சேமி என்னும் வினைச்சொல்

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சேமி' என்ற வினைச்சொல்லைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன். எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே என்று நானும் நினைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவள் ஓர் ஐந்தாம் வகுப்பு மாணவி.

சில ஆண்டுகளுக்கு முன் தேர்வில், 'தண்ணீரை எவ்வாறு சேமிக்கலாம்?' என்று கேட்டிருந்தேன். குழாயை இறுக மூட வேண்டும், வாளியில் பிடித்துக் குளிக்க வேண்டும் என்று பலரும் எழுதினார்கள். அவள் மட்டும், 'தண்ணீர் வரும் நாளில் எல்லாக் குடங்களிலும் பிடித்து மூடி வைக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள். தவறு என்று சுழித்துவிட்டேன். விடைத்தாளை வாங்கியதும் அவள் கேட்டாள்: "எங்க தெருவுல நாலு நாளைக்கு ஒரு தடவைதான் சார் தண்ணி வரும். அன்னைக்குப் பிடிச்சு வைக்கலேன்னா எப்படி சார் சேமிக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை அகராதியைப் புரட்டினேன். 'சேமம்' என்றால் நலம், பாதுகாப்பு. 'சேமி' என்றால் பிற்காலத் தேவைக்காகப் பாதுகாத்து வை என்பது பொருள். உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் 'சேம அச்சு' கட்டிச் செல்வதைப் புறநானூற்றில் ஒளவையார் குறிப்பிடுகிறார். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்வதற்காக வைத்திருந்தது அது. சேமநல நிதி என்பதில் இருப்பதும் அதே சேமம்தான். அகராதிப்படி பார்த்தால் அந்த மாணவியின் விடையே சொல்லின் மூலப்பொருளுக்கு நெருக்கமானது!

அப்படியானால் 'குறைவாகப் பயன்படுத்து' என்ற பொருள் எங்கிருந்து சேர்ந்தது? பணத்தை எண்ணிப் பாருங்கள். செலவழிக்காத காசு கையிலேயே நிற்கும். நம் வீட்டுப் பெண்கள் சிறுவாடு சேர்த்தது அப்படித்தான். பணத்தைப் பொறுத்தவரை, செலவைக் குறைப்பதும் எடுத்து வைப்பதும் ஒன்றாகிவிடுகின்றன. மின்சாரம் அப்படியல்ல. மின்விசிறியை நிறுத்தினால் வீட்டில் எதுவும் சேர்வதில்லை, செலவுதான் குறைகிறது. அதற்கு 'மிச்சப்படுத்து' என்பதே பொருத்தமான சொல். தமிழ்நாட்டில் 2003இல் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட திட்டத்தையும் 'மழைநீர் சேகரிப்பு' என்றே சொல்கிறோம். 'சேமி' செயப்படுபொருள் குன்றா வினை. அந்தச் செயப்படுபொருள் மாறும்போது வினையின் பொருளும் சற்றே மாறுகிறது. இலக்கண வகுப்புக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒரே வகுப்பில், குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு வரும் குழந்தையும் இருக்கிறது; மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் உள்ள வீட்டுக் குழந்தையும் இருக்கிறது. 'நீரைச் சேமிப்போம்' என்ற ஒரே வாசகத்தை இருவரையும் எழுதச் சொல்கிறோம். முதல் குழந்தை சேமிப்பதில் நமக்கே ஆசிரியர். இரண்டாவது குழந்தையிடம் 'வீணாக்காதே' என்று நேராகச் சொல்ல வேண்டும்.

வாசகத்தோடு நிறுத்தாமல், அளக்கவும் பழக்குவோம். சொட்டும் குழாயின் கீழ் 200 மில்லிலிட்டர் டம்ளரை வையுங்கள். அது 10 நிமிடத்தில் நிரம்பினால், மணிக்கு 1.2 லிட்டர், நாளுக்கு 28.8 லிட்டர். விளையாட்டுப் பாடவேளைக்குச் செல்லும்போது 75 வாட் விசிறிகள் இரண்டை 40 நிமிடம் நிறுத்தினால், 10 பாடவேளைகளில் ஒரு யூனிட் மிச்சம். கணக்கை மாணவர்களே போடட்டும்.

எங்கள் பள்ளியிலும் அளந்தோம். 'நீரைச் சேமிப்போம்' என்று சுவரில் எழுதியிருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்த குழாய்தான் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தினமும் கடந்து சென்றவர்களில் நானும் ஒருவன். வாஷர் மாற்றியதும் சொட்டுவது நின்றது.

அந்த மாணவியை மறுநாளே அழைத்து மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். அவள் விடையை வகுப்பில் படித்தும் காட்டினேன். ஆசிரியர்களே, விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிக்கும் முன், 'ஏன் இப்படி எழுதினாய்?' என்று ஒருமுறை கேளுங்கள். குழந்தையின் வீட்டில் அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்பது நமக்குத் தெரியவரும்.